கோப்பெங் அக்காவின் இரண்டு பெட்டிகள்

பொருளாதாரத்தில் முனைவர் பட்டப் படிப்புக்கு விண்ணப்பம் போடுவது முழுநேர வேலை. சம்பளம் மட்டும் கிடையாது. அதனால் சாப்பாட்டுக்கு இன்னொரு வேலை வேண்டியிருக்கிறது. நான் மலேசியாவில், ஈப்போ நகரத்து டியூஷன் சென்டர் ஒன்றில், பல்கலைக்கழகத்துக்கு முந்தின ஆறாம் படிவத்துக்குப் பொருளாதாரமும் ஐந்தாம் படிவத்துக்குக் கணக்கும் எடுக்கிறேன். எங்கெங்கே விண்ணப்பிப்பது என்ற தலைவலியை அந்த வகுப்புகளுக்கு நடுவில்தான் சுமந்தேன். எங்கள் குடும்பத்தில் பல்கலைக்கழகம் போன முதல் ஆள் நான். ஆகவே போய்க் கேட்க வீட்டில் யாரும் இல்லை. கேட்காமலே சொல்வதற்கு மட்டும் ஊர் முழுக்க ஆள் இருந்தார்கள்.

ஒன்றை முதலிலேயே ஒப்புக்கொள்கிறேன். கீழே அடிக்கடி வரப்போகும் கோப்பெங் அக்காவின் கதை நான் கண்ணால் கண்டதில்லை. எனக்குச் சொன்னவர்களும் கண்டதில்லை. அவர்களுக்கு வேறு யாரோ சொன்னது. கதை இவ்வளவுதான்: கோப்பெங் பக்கத்தில் ஒரு தோட்டத்துக் குடும்பத்துப் பெண், பொருளாதாரத்தில் பிஎச்டி செய்ய அமெரிக்கா போனாள். தாக்குப்பிடிக்க முடியவில்லை. ஒரே வருடத்தில் இரண்டு பெரிய பெட்டிகளோடு வீடு வந்து சேர்ந்துவிட்டாள். எந்தப் பல்கலைக்கழகம் என்று கேட்டால் தெரியாது. பெயர் கேட்டால் தெரியாது. பெட்டி இரண்டு என்பது மட்டும் எல்லாருக்கும் தெரியும். இதைப் படிக்கிறவர்களில் மேலே படிக்க ஆசைப்பட்ட யாருக்கும் நான் விளக்க வேண்டியதில்லை. உங்கள் ஊரிலும் இப்படி ஓர் அக்காவோ அண்ணனோ கட்டாயம் இருப்பார்.

ஏர்கோன் பழக்கம்

ஆசிரியர் அறையில் என் அலமாரிக் கதவின் உள்பக்கம் எட்டுப் பல்கலைக்கழகங்களின் பெயரை எழுதி ஒட்டியிருந்தேன். ஐந்து அமெரிக்காவில், இரண்டு இங்கிலாந்தில், ஒன்று ஆஸ்திரேலியாவில். கண்ணை மூடிக்கொண்டு எடுத்ததல்ல. ரப்பர் பால்மரத் தோட்டங்கள் எண்ணெய்ச் செம்பனைக்கும் வீடமைப்புக்கும் மாறியபோது அங்கிருந்து வெளியேறியவர்களின் வருமானத்துக்கு என்ன ஆனது என்பதைத்தான் நான் ஆராய நினைக்கிறேன். என் அப்பா அப்படி வெளியே வந்து லாரி ஓட்டப் போனவர். இந்த மாதிரி விஷயத்தில் வேலை செய்யும் பேராசிரியர்கள் எங்கே இருக்கிறார்கள் என்று மாதக்கணக்கில் தேடி, கட்டுரைகளைப் படித்து, எடுத்த எட்டு.

சென்டர் முதலாளி பழனியப்பன் அண்ணே சாக்பீஸ் டப்பா தேடி வந்தவர் அந்தத் தாளைப் பார்த்துவிட்டார். செட்டிநாட்டிலிருந்து வந்த பழைய வியாபாரக் குடும்பம். நல்ல மனிதர்தான், சம்பளம் தள்ளிப் போனதே இல்லை. "அமெரிக்காவா? வேணாம்மா," என்று ஆரம்பித்து, கோப்பெங் அக்காவை முதன்முதலாக எனக்கு அறிமுகப்படுத்தியவர் அவர்தான். "ரெண்டு பெரிய பெட்டியோட வந்து எறங்கிடுச்சு. அந்தக் குளிரு நம்ம ஆளுக்கு ஒத்து வராதுலா." அவருடைய மகன் மெல்பர்னிலும் மகள் லண்டனிலும் படிக்கிறார்கள். எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. "உங்க பிள்ளைங்களுக்கு மட்டும் எப்படி அண்ணே குளிரு ஒத்து வருது?" என்று கேட்டே விட்டேன். அவர் கொஞ்சம்கூடச் சங்கடப்படவில்லை.

"அதுங்க வேறம்மா, அதுங்களுக்குச் சின்னதுலேர்ந்தே ஏர்கோன் பழக்கம்."

கையெழுத்து

பரிந்துரைக் கடிதம் கேட்டு, நான் பட்டம் படித்த பல்கலைக்கழகத்துக்குப் போனேன். அங்கே எனக்கு ஆலோசகராக இருந்த விரிவுரையாளரை எல்லாரும் டாக்டர் என்றே அழைப்போம். என் பட்டியலை மூக்குக் கண்ணாடியை இறக்கிப் பார்த்தார். "அமெரிக்காவில் முதல் இரண்டு வருடமும் கணிதம்தானே அம்மா. ரியல் அனாலிசிஸ் எடுத்திருக்கிறீர்களா?" என்று கேட்டார்.

இந்தக் கேள்வியை உலகத்தில் வேறு யார் கேட்டிருந்தாலும் பொறுத்திருப்பேன். இரண்டாம் ஆண்டில் கணிதத் துறைக்குப் போய் அந்தப் பாடத்தை எடுக்கிறேன் என்று நான் இதே அறையில், இதே மேசைக்கு முன்னால் நின்றேன். ஆலோசகர் கையெழுத்துப் போட்டால்தான் முடியும். பொருளாதார மாணவர்களுக்கு அது அநாவசியம், சராசரி மதிப்பெண்ணைக் கெடுத்துவிடும் என்று போடாமல் அனுப்பியவர் இவர். அவருக்கு அது நினைவில் இல்லை. எனக்கு அன்று அவர் குடித்துக்கொண்டிருந்த மைலோ கோப்பையின் நிறம்கூட நினைவிருக்கிறது. "கோப்பெங் பக்கத்தில் ஒரு பெண், உங்களைப் போலத்தான். கணிதத்தில் தோற்றுப்போய் இரண்டு பெட்டியோடு திரும்பிவிட்டாராம், கேள்விப்பட்டேன்," என்றார். குளிரில் போன அக்கா இங்கே கணிதத்தில் போய்விட்டார். வாயைத் திறந்தால் கடிதம் கிடைக்காது என்று, பரிந்துரைப் படிவத்தை மட்டும் அவர் பக்கம் நகர்த்தினேன். அவர் கருணையோடு எனக்கு ஒரு வழியும் சொன்னார்.

"இங்கேயே என்னிடம் சேர்ந்துவிடுங்கள் அம்மா, என் ஆராய்ச்சித் திட்டத்துக்கு டேட்டா என்ட்ரி செய்ய ஓர் ஆள் அவசரமாக வேண்டும்."

கமிஷன்

டாக்டரைப் பார்த்து வந்த அன்றே அமெரிக்கப் பெயர்களில் மூன்றை அடித்துவிட்டேன். கோபம் ஒரு பக்கம் இருந்தாலும் பயம் அதைவிடப் பெரிதாக இருந்தது. அந்த வாரக் கடைசியில் ஈப்போ ஹோட்டல் ஒன்றில் வெளிநாட்டுக் கல்விக் கண்காட்சி. டை கட்டிய ஏஜண்ட், ஒரு தமிழ் இளைஞர், இனிப்பு மிட்டாய்த் தட்டை என் பக்கம் நகர்த்தி உட்காரச் சொன்னார். பொருளாதாரத்தில் பிஎச்டி என்றேன். ஹோட்டல் நிர்வாகம் பற்றிய புத்தகத்தைக் கொடுத்தார். இல்லை, பிஎச்டி என்றேன். சமையற்கலைப் புத்தகத்தைக் கொடுத்தார். அங்கே படிக்கும்போது பல்கலைக்கழகமே உதவித்தொகை தருகிற இடங்கள் எவை என்றாவது தெரியுமா என்று கேட்டேன். அவர் அக்கம்பக்கம் பார்த்துவிட்டு, மிட்டாய்த் தட்டைத் தன் பக்கமே இழுத்துக்கொண்டார். அன்று நான் சந்தித்தவர்களில் உண்மை பேசிய ஒரே ஆள் அவர்தான்.

"பிஎச்டிக்கு எங்களுக்குக் கமிஷன் கெடையாது தங்கச்சி, ஒரு வருஷ டிப்ளோமா ஏதாச்சும் எடுங்களேன்."

அத்தையின் எச்சரிக்கை

தீபாவளிக்கு முந்தின வாரம் அப்பாவின் தங்கை, தாப்பாவில் இருக்கும் அத்தை, வீட்டுக்கு வந்தார். அம்மா முறுக்கு பிழிந்துகொண்டிருந்தார். அம்மாவுக்குக் கையுறைத் தொழிற்சாலையில் வேலை; தீபாவளி முறுக்குக்கு மட்டும் வருடத்தில் இரண்டு நாள் லீவு எடுப்பார். அத்தைக்கும் கோப்பெங் அக்காவைத் தெரிந்திருந்தது. அவர் கதையில் அக்கா குளிருக்கும் திரும்பவில்லை, கணிதத்துக்கும் திரும்பவில்லை. "யாரோ வெள்ளக்காரன் ஏமாத்திட்டானாம். ரெண்டு பெட்டியத் தூக்கிக்கிட்டு அழுதுகிட்டே வந்துச்சாம். இப்ப எவன் கட்டுவான்?" என்றார். அப்பா டிவி சத்தத்தைக் கூட்டினார்.

அம்மா மட்டும் ஒரு நல்ல கேள்வி கேட்டார். "அங்க போனா சோத்துக்கு என்னாடி பண்ணுவ?" அமெரிக்காவில் இந்தப் படிப்புக்குப் பெரும்பாலும் கட்டணம் தள்ளுபடி, மாதாமாதம் செலவுக்கும் கொடுப்பார்கள், பதிலுக்கு வகுப்பு எடுக்க வேண்டும், டியூஷன் மாதிரிதான் என்று விளக்கினேன். அம்மாவின் முகம் கொஞ்சம் தெளிந்தது. பிழிந்த முறுக்கை எண்ணெயில் விட்டுவிட்டு, "அப்ப பரவால்லையே," என்றார். நான் ஜெயித்துவிட்டேன் என்று நினைத்த அந்த நொடியில் அத்தை எழுந்து வந்து என் தோளைப் பிடித்தார். போன வருடம்தான் போலீஸ் என்று சொல்லி யாரோ போனில் பேசி அவருடைய சேமிப்பைக் கறந்திருந்தார்கள். அதனால் அவருடைய குரலில் உண்மையான அக்கறை இருந்தது. அதுதான் எனக்கு இன்னும் எரிச்சலாக இருந்தது.

"படிக்க வர்றவளுக்கு அவன் சம்பளம் குடுக்கறானா? இது கண்டிப்பா ஸ்கேம்லா, அக்கவுண்ட் நம்பர மட்டும் குடுத்துடாதடி!"

லிம் போட்ட மார்க்கு

அம்மாவின் முகம் மறுபடி இருண்டது. அன்று மீதமிருந்த இரண்டு அமெரிக்கப் பெயர்களையும் அடித்தேன். எட்டில் மூன்று மிச்சம். அந்த மூன்றின் யோக்கியதையையும் சொல்ல வேண்டும்: மூன்றுமே முதலில் கையிலிருந்து கட்டி முதுகலை முடித்துவிட்டு வா என்கிற இடங்கள். கட்ட எங்களிடம் எதுவும் இல்லை. அதாவது என்னால் போக முடிந்த ஐந்தை அடித்துவிட்டு, போகவே முடியாத மூன்றை வைத்துக்கொண்டிருந்தேன். இதைப் பொருளாதாரம் படித்தவள் செய்தாள்.

எங்கள் சென்டரில் மேல்நிலைக் கணிதம் எடுக்கும் லிம் சீனன், என் வயதுக்காரன். அவன் அப்பா தோட்டத்தில் மளிகைக் கடை வைத்திருந்தவர். கடைக்கு வந்தவர்களிடம் பேசிப் பேசி லிம்முக்குத் தோட்டத்துத் தமிழ் தண்ணீர்பட்ட பாடு. இரண்டு மாதமாக நான் இணைய வகுப்பில் அந்த ரியல் அனாலிசிஸைத்தான் படித்துக்கொண்டிருந்தேன். வகுப்பு முடிந்ததும் பயிற்சிக் கணக்குகளை அவனோடு உட்கார்ந்து போட்டுப் பார்ப்பேன். அவனும் நானும் சேர்ந்து முழிப்போம். அன்று என் தாளைப் பார்த்து, "எங்க மத்த அஞ்சும்?" என்றான். கோப்பெங் அக்காவைச் சொன்னேன். பல்லைக் காட்டிச் சிரித்தான். "எங்க ஆளுங்க எத்தன பேரு போயி எத்தன பேரு திரும்பி வந்தானுங்க, எவனும் கத சொல்ல மாட்டான். அந்த அக்கா பேரு என்னா?" தெரியாது. "எந்த யூனி?" தெரியாது. "எப்ப வந்துச்சு?" தெரியாது. அவன் சிவப்புப் பேனாவை எடுத்து என் கையில் திணித்தான்.

"பேரு தெரியாத ஒரே ஒரு ஆள வெச்சு முடிவு எழுதியிருக்க, இத நம்ம பசங்க பரீட்சையில எழுதுனா நீ சைபர்தான போடுவ?"

நேரில் பார்த்தவர்

அப்போதுதான் விசாரிப்போம் என்று தோன்றியது. என் ஆறாம் படிவ வகுப்பில் சரவணன் என்று ஒரு மாணவன், கோப்பெங்கிலிருந்து வருகிறவன். அவனை ஏற்றிப்போகக் காரோடு வந்த அவன் அம்மாவிடம் மெல்லக் கேட்டேன். அவருக்குக் கண் பளிச்சென்றது. "நம்ம தேவகியா? எங்க தாமான்தான் டீச்சர், எங்க வரிசையில மூணாவது வீடு. பாவம், திரும்பி வந்துடுச்சு. நானே இந்தக் கண்ணால பாத்தேன்."

கடைசியில் ஒரு பெயர். கடைசியில் ஒரு சாட்சி. கதை உண்மையாகிவிட்டதே. "எங்க பாத்தீங்க?" "அவங்க வீட்டுலதான். பல வருஷத்துக்கு முன்ன அவங்கப்பா தவறிட்டாரு இல்ல, மாலையோட போனேன். தேவகி ஒரு மூலையில உக்காந்திருக்கு. நடையில ரெண்டு பெரிய பெட்டி. அப்பவே புரிஞ்சிடுச்சு, சாமான் செட்டெல்லாம் கட்டிக்கிட்டு வந்துடுச்சுன்னு." "சரிங்க, அப்புறம்?" "அப்புறம் வெளிய தலையே காட்டல. வெக்கம் போல. வீடும் சாத்தியே கெடக்குது."

எனக்கு ஏதோ உறுத்தியது. "அவங்க திரும்பிப் போனத யாராச்சும் பாத்தாங்களா அக்கா?" என்று கேட்டேன். அவர் காரின் கண்ணாடியை முழுக்க இறக்கி, இவ்வளவு படித்த பெண்ணுக்கு இதுகூடத் தெரியவில்லையே என்பது போல என்னைப் பார்த்தார்.

"என்னா டீச்சர் நீங்க, எழவு வீட்டுலேர்ந்து யாராச்சும் போயிட்டு வாரேன்னு சொல்லிட்டுப் போவாங்களா?"

அக்கா எழுதியது

கார் போன பிறகும் ஐந்தடியில் நின்றேன், அதாவது எங்கள் கடை வரிசையின் நடைபாதையில், மழையில் பாதி நனைந்தபடி. வந்ததை எல்லாரும் பார்த்திருக்கிறார்கள். சொல்லிக்கொண்டு போகக்கூடாத வீட்டிலிருந்து அவர் போனதை ஒருவரும் பார்க்கவில்லை. போனாரா என்று கேட்பதும் நம்மிடையே மரியாதையில்லை. இவ்வளவுதான் ஆதாரம். இதைத்தான் எனக்கு ஒருவர் குளிராக்கிச் சொன்னார், ஒருவர் கணிதமாக்கிச் சொன்னார், ஒருவர் வெள்ளைக்காரனாக்கிச் சொன்னார்.

அன்றிரவே தேவகி என்ற பெயரையும், சரவணனிடம் கேட்டுக்கொண்ட அவருடைய அப்பா பெயரையும் வைத்து இணையத்தில் தேடினேன். என் பட்டியலில் நான் முதலில் அடித்த பல்கலைக்கழகத்திலேயே, பொருளாதாரத் துறையின் இணையப் பக்கத்தில், பட்டம் பெற்றவர்கள் வரிசையில் இருந்தார். எழுதினேன். இரண்டு நாளில் பதில் வந்தது. முதல் வருடம் முடியும் சமயத்தில் அப்பா தவறிவிட்டார்; பதினாறாம் நாள் காரியம் முடிந்த மறுநாள் விடியற்காலையில் பஸ் ஏறி விமான நிலையம் போய்விட்டார்; துக்க வீடு, யாரிடமும் சொல்லாமல் கிளம்பு என்று பெரியவர்கள் சொன்னார்களாம். போய்த் தேர்வு எழுதி, தேறி, பட்டம் முடித்து, இப்போது அங்கேயே வேறொரு பல்கலைக்கழகத்தில் பாடம் நடத்துகிறார். காரியத்துக்கு வந்து தங்கியிருந்த கிள்ளான் ஊர்ச் சித்தி அம்மாவைத் தன் வீட்டுக்குக் கூட்டிப் போய்விட்டதால் கோப்பெங் வீடு பூட்டிக் கிடக்கிறது. வெட்கப்பட்டுக்கொண்டு உள்ளே யாரும் இல்லை.

அவரைப் பற்றி ஊர் சொல்வதை நான் அவருக்கு எழுதவில்லை, மனம் வரவில்லை. என் தலைப்பு அவருக்குப் பிடித்திருந்தது. யார் யாருக்கு எழுத வேண்டும், அந்தக் கணிதப் பாடத்தை விண்ணப்பத்தில் எங்கே காட்ட வேண்டும் என்றெல்லாம் பக்கம் பக்கமாகச் சொல்லியிருந்தார். ஒருவரும் எனக்கு இதைச் சொன்னதில்லை. சொல்லத் தெரிந்த ஒரே ஆளைத்தான் எங்கள் ஊர் உயிரோடு தோல்விக் கணக்கில் எழுதி மூடி வைத்திருந்தது. கடைசி வரியைப் படித்தபோது எனக்கு அழுகை வரவில்லை. யாரையாவது பிடித்து உலுக்க வேண்டும் போலிருந்தது.

"ஏன் தங்கச்சி, இத்தன வருஷத்துல நம்ம பக்கத்துலேர்ந்து ஒருத்தர்கூட எனக்கு எழுதலியே, யாருக்குமே படிக்க ஆசையில்லையா?"

முதலாளி ஒப்புக்கொண்டது

அலமாரிக் கதவிலிருந்த தாளைக் கிழித்துவிட்டுப் புதிதாக எழுதினேன். அமெரிக்காவின் ஐந்தும் திரும்பி வந்தன. அக்கா புதிதாகச் சொன்ன இரண்டு இடங்களையும் சேர்த்தேன். கையிலிருந்து கட்டச் சொன்ன மூன்றையும் எடுத்துவிட்டேன். டாக்டர் கடிதம் அனுப்பினாரா என்று மூன்று முறை நினைவூட்டி, அனுப்ப வைத்தேன். ஏழு விண்ணப்பங்களும் போய்விட்டன. முடிவு வரவில்லை. ஏழு இடத்திலும் வேண்டாம் என்று சொல்லலாம்; அது அவர்கள் என் தாள்களைப் படித்துவிட்டுச் சொல்கிற 'வேண்டாம்' ஆக இருக்கும். அதை என்னால் தாங்க முடியும்.

பழனியப்பன் அண்ணனிடம் துறைப் பக்கத்தைத் திறந்தே காட்டினேன். தேவகி அக்காவின் பெயர், பட்டம், இப்போது வேலை செய்யும் இடம், எல்லாவற்றையும் விரலால் தொட்டுத் தொட்டுப் படித்தார். நான் ஏதோ பெரிதாக எதிர்பார்த்துக் காத்திருந்தேன். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"சந்தோஷம்மா, ஆனா அந்தப் பொண்ணு ரெண்டு பெட்டியோட ஒருதரம் வந்தது உண்மைதானே?"

மேலே படிக்க நினைத்த எத்தனையோ பேரைப் எங்கள் பேராக் மாநில எல்லையைத் தாண்டவிடாமல் தடுத்த அந்த இரண்டு பெட்டிகளைப் பற்றியும் பிறகு அக்காவிடம் கேட்டுச் சரிபார்த்தேன்: இரண்டும் கிள்ளான் சித்தியுடையவை.